ஃபைல் கிடைத்தவர்

ஆட்டக் காலத்தில் ஓடிக் களைப்பவர்கள் ஆட்டக்காரர்கள். அது முடிந்த பிறகு களைப்பது நாங்கள். மெல்பேர்னில் ஒரு ஃபுட்டிக் கழகத்தில் ஐந்து வருடம் பிசியோவாக வேலை பார்த்தேன், 2009 இலிருந்து 2013 வரை. அந்த ஐந்து அக்டோபர் மாதங்களில் ஒன்றைக்கூட நான் நல்ல முகத்தோடு கடந்ததில்லை. சோறு குழைந்தால் அரிசியைத் திட்டுவேன். ட்ருகனினாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த புது வீட்டுக்கு முன்னால் லொறி திரும்பினால் லொறிக்காரனைத் திட்டுவேன். என் கணவர் பக்கத்து வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அக்டோபரில் என்னோடு கதைப்பதைவிட அந்த மெஷினோடு கதைப்பது சுகம் என்பார்.

ஃபுட்டி என்றால் எங்கள் ஆட்கள் உதைபந்தாட்டம் என்றுதான் நினைப்பார்கள். இது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் அடித்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் மோதி விழுந்து எழும்பும் இந்த ஊர் விளையாட்டு. விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி எனக்கு வாய் நொந்துவிட்டது. கடைசியில் அந்த வேலையை என் கணவரே எடுத்துக்கொண்டார். கலியாண வீட்டில் யாராவது கேட்டால், "இவ ஆம்பிளையளின்ர காலைப் பிடிச்சுச் சம்பளம் வாங்கிறா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். மறுத்துக் கதைக்கச் சக்தி இருக்காது.

அக்டோபரில் என்ன நடக்கும் என்றால், லிஸ்ட் எழுதுவார்கள். அடுத்த வருடம் யார் இருப்பார், யார் போவார், வேறு கழகத்திலிருந்து யாரைக் கொண்டுவருவது என்று முடிவு செய்யும் காலம் அது. இதற்கென்றே லிஸ்ட் மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். அவருடைய அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயரும் ஒரு காந்தத் துண்டில் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து எவரும் பார்க்காதபடி அந்த மாதம் முழுக்கக் கதவுக் கண்ணாடிக்குப் பழுப்புத்தாள் ஒட்டுவார்கள். அந்தத் தாளைக் கண்டாலே எனக்குத் தலையிடி தொடங்கிவிடும்.

அந்த அறைக்கு என்னையும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு காந்தத்தையும் தொட்டு, "இவருடைய உடம்பு இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்?" என்று கேட்பார்கள். பழைய காருக்கு மெக்கானிக்கிடம் விலை கேட்பதுபோலத்தான் இருக்கும். வருடம் முழுக்க நான் தடவி, நீவி, கட்டுப்போட்டு நிமிர்த்திய உடம்புகள். எனக்கு ஆட்களின் முகத்துக்கு முதலே அவர்களுடைய நோகிற பாகம்தான் ஞாபகம் வரும். முழங்கால்காரர், தோள்மூட்டுக்காரர், தொடைத்தசைக்காரர். நான் இங்கே சொல்ல வந்தவர் இடது கணுக்கால்காரர்.

அவருக்கு அப்போது முப்பது வயது. பத்து வருடமாக அந்த ஒரே கழகத்தில் பின்வரிசையில் விளையாடியவர். பெரிய நட்சத்திரம் இல்லை. கழகச் சட்டைகளில் அவருடைய இலக்கம் போட்டதை வாங்கும் சனம் குறைவு. ஆனால் ஒரு பயிற்சிக்கும் பிந்தி வந்ததில்லை. என் மேசையில் ஏறிப் படுத்தால் முதலில் என் மகளைப் பற்றி விசாரிப்பார், அதற்குப் பிறகுதான் காலை நீட்டுவார். மனைவி மூன்றாவது பிள்ளைக்குக் காத்திருந்தாள், டிசம்பரில் பிள்ளைப்பேறு. இன்னும் ஒரு வருடம் விளையாட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஒரே ஒரு வருடம். வேறொன்றும் அவர் கேட்டதில்லை.

2012 இல்தான் ஃப்ரீ ஏஜென்சி என்ற ஏற்பாடு முதன்முதலாக வந்தது. ஒரே கழகத்தில் நீண்ட காலம் விளையாடியவர், ஒப்பந்தம் முடிந்ததும், தன்னை விரும்பும் வேறு கழகத்துக்குத் தன் விருப்பப்படி போகலாம். அதற்கு முன்பு அப்படிப் போக முடியாது. சிட்னியில் ஒரு கழகம் இவரைக் கேட்டது. ஒரு வருட ஒப்பந்தம், வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கழகம் அவரிடம் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "பார்ப்போம், பொறுங்கள்" என்றது.

பொறுங்கள் என்றதன் காரணம் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை நான் அந்த அறையில் இருந்தேன். வேறொரு கழகத்திலிருந்து இருபத்திரண்டு வயதுப் பின்வரிசைக்காரன் ஒருவனைக் கொண்டுவரப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவன் வந்தால் இவர் தேவையில்லை. அவன் வராவிட்டால் இவர் தேவை. அது முடிவாகும் வரை இவரைக் கையில் வைத்திருக்க வேண்டும். லிஸ்ட் மேனேஜர் இவருடைய காந்தத்தை எடுத்துப் பலகையின் வலது கீழ் மூலையில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, "பெரும்பாலும் அவன் வந்துவிடுவான்" என்றார். மிக மரியாதையான மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். எனக்கு அவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"இந்த அறையில் கதைத்தது இந்த அறையோடு" என்று கூட்டம் முடியும்போது எங்கள் எல்லோருக்கும் சொன்னார். என்னைப் பார்த்துத் தனியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தனியாகக் கேட்டது. எங்கள் விசா அந்தக் கழகம் ஸ்பொன்சர் செய்தது. ஒவ்வொரு நவம்பரிலும் என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட வேண்டும். அது நடக்காவிட்டால் நானும் கணவரும் மகளும் பெட்டி கட்டவேண்டியதுதான்.

இனி ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டக் காலம் முடிந்து ஆட்டக்காரர்கள் ஆறு கிழமை விடுமுறையில் போவார்கள். அந்த ஆறு கிழமையும் எவ்வளவு ஓட வேண்டும், எதைத் தூக்க வேண்டும், எந்த மூட்டுக்கு என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று ஆளுக்கு ஒரு ஃபைல் நான் தயாரித்துக் கொடுப்பேன். நீல நிறம், முன்பக்கத்தில் பெயர். அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. லிஸ்ட் மேனேஜரிடமிருந்து பெயர்கள் வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். போகப்போகிற ஆளுக்குக் கழகம் எதற்கு வீட்டுப்பாடம் கொடுக்கப் போகிறது? இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் ஆட்டக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். பயிற்சியாளர் கூப்பிட்டுச் சொல்வதற்கு முதலே ஃபைலை வைத்து விஷயத்தைப் பிடித்துவிடுவார்கள். ஃபைல் கிடைத்தவன் இருப்பான். கிடைக்காதவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லத் தொடங்கலாம்.

அந்த வருடம் எல்லோருடைய ஃபைலையும் நான் முன்கூட்டியே அச்சடித்துவிட்டேன். கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. ஒரே மூச்சில் முடித்தால் பிறகு படுக்கலாம் என்ற களைப்பு.

புதன்கிழமை காலை அவர் வந்தார். கணுக்கால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, பார்க்க முடியுமா என்றார். பார்த்தேன். இறுக்கம்தான், ஓரத்தில் வீக்கமும் இருந்தது. ஆனால் அவர் அதற்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். என்னை வைத்திருப்பார்களா என்று அவர் கேட்கவில்லை. நாகரிகமான மனிதர், என்னைச் சங்கடப்படுத்த மாட்டார். மேசையிலிருந்து இறங்கிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, என் கதிரைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த நீல ஃபைல்களைப் பார்த்தார். அவருடையது மேலிருந்து மூன்றாவது. பெயர் தெரிந்தது.

அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு அது இப்போது தமிழில்தான் ஞாபகம் வருகிறது. "என்னுடையது ரெடியா? அப்படியென்றால் இப்பவே கொண்டு போகவா?"

பொறுங்கள் என்று நானும் சொல்லியிருக்கலாம். பெயர்கள் இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் எனக்கு ஒருவரை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாது. எங்கள் வீட்டில் மீட்டர் பார்க்க வந்தவருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால்தான் மனம் ஆறும். கேட்ட வாய்க்கு இல்லை என்று சொல்லி வளர்ந்தவள் இல்லை நான். வேலையிடத்தில் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்கவும் பழகவில்லை. எந்தக் கழகத்துக்கு விளையாடினாலும் இந்தக் கணுக்காலுக்கு இந்தப் பயிற்சி வேண்டும்தானே என்று எனக்குள்ளே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கி, முன்பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நன்றி" என்றார். இரண்டு கிழமையாகக் காதுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்திருந்த தோள்கள் இறங்கின. அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஓட்டமாகப் போகவில்லை, மெல்லத்தான் நடந்து போனார். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். நான் பண்டேஜ் சுருள்களை அளவுவாரியாக அடுக்கத் தொடங்கினேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் வேலை உடுப்போடு குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீர் என்னத்துக்கு அதைக் குடுத்தனீர்?"

"கேட்டவர். குடுத்துட்டன்."

"அப்ப நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லும். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கெல்லோ."

"சொன்னால் பிறகு என்ர வேலை? வேலை போனால் விசா? உங்களுக்கு எல்லாம் லேசு."

"லேசு எண்டு நான் சொன்னனானே? அந்த மனுசனுக்கும் பிள்ளையள் இருக்கு, அதைத்தான் சொல்லுறன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெங்காயத்தைத் தடிப்பாக வெட்டுகிறார் என்று சண்டை பிடித்தேன். அவர் கத்தியை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவருக்கு ஃபோன் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. கணுக்கால் விஷயமாக ஒருதரம் கூப்பிடுங்கள் என்று மெசேஜ் வைத்தேன். வேறு விதமாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் சின்னப் பிள்ளைகள் கத்தும் சத்தம். ஃபைலில் உள்ளபடி முதல் நாள் பயிற்சியைச் செய்துவிட்டதாகவும், படியில் ஒற்றைக்காலில் நிற்பது கடினமாக இருப்பதாகவும் சொன்னார். நான் "சிட்னிக்காரருக்கு என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"நேற்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேறுகாலத்தில் இவளை எப்படி அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போவது? இங்கேயே இருக்க முடியும் என்றால் இங்கேதானே."

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனிச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, ஆகவே சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. கவலை அதற்குப் பிறகு, ஒரு தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் வந்தது.

அடுத்த கிழமை அறையில் லிஸ்ட் மேனேஜர் தன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "அவர் ஏன் சிட்னியை வேண்டாம் என்றார்? போயிருந்தால் அவருக்கும் நல்லது, நமக்கும் சுலபம். நாம் ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லையே" என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார். பயிற்சியாளர்களில் ஒருவர், "வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் இருக்கும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். காந்தம் வலது கீழ் மூலையிலேயே இருந்தது.

நான் ஒரு கிழமை லீவு போட்டேன். மூவரும் காரில் சிட்னிக்குப் போனோம். கணவரின் அக்கா, என் மச்சாள், நார்த்மீட்டில் இருந்தா. நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவவுக்குக் கவலை. "என்ன பிள்ளை, முகமெல்லாம் வத்திப்போச்சு. வேலையை விட்டிட்டு வீட்டிலை இரன்" என்றா. விடுவது என் கையில் இல்லை என்று அவவுக்கு யார் சொல்வது? சனிக்கிழமை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம்.

அங்கே பெருமாளும் இருக்கிறார், சிவனும் இருக்கிறார். சாதாரணமாக நான் கோயிலில் ஒன்றும் கேட்பதில்லை, கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்குக் கேட்டேன். அந்த இருபத்திரண்டு வயதுக்காரன் எங்கள் கழகத்துக்கு வரக்கூடாது என்று பெருமாளிடம் கேட்டேன். பேச்சு எப்படியாவது குழம்ப வேண்டும், அவனுடைய கழகம் அவனை விடக்கூடாது. ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதுமோ என்று சந்தேகமாக இருந்தது, சிவனிடமும் போய்ச் சொன்னேன். முன்பின் பார்த்திராத ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்கு நல்லது நடக்கக்கூடாது என்று அர்ச்சனைத் தட்டோடு நின்று வேண்டிய ஆள் அந்தக் கோயில் வரலாற்றில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெளியில் வரும்போது கணவர், "என்ன, இண்டைக்குக் கனநேரம்? என்ன வேண்டினனீர்?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும் எண்டு."

கன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றோம். மச்சாளின் மகன் ஃபோனில் விளையாட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, யுவர் க்ளப் காட் ஹிம்" என்று உற்சாகமாக ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அந்தப் பின்வரிசைக்காரன் எங்கள் கழகத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். இரண்டு சாமியிடமும் சொல்லி முக்கால் மணித்தியாலம் ஆகவில்லை. தோசை வந்தது. மச்சாள் பார்க்கிறா என்று சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். பத்து வருடத்துக்குப் பத்து நிமிடம். மற்றக் கழகங்கள் எல்லாம் அதற்குள் தங்கள் இடங்களை நிரப்பிவிட்டன. சிட்னிக்காரர்கள் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அவருடைய ஏஜென்ட் எல்லோருக்கும் ஃபோன் எடுத்துப் பார்த்தார், முப்பது வயது என்றதும் எல்லோரும் மரியாதையாக மறுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை லொக்கரிலிருந்த சாமான்களை எடுக்க வந்தவர் என் அறைக்கும் வந்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று அவருடைய காலடிச் சத்தம் கேட்டபோது நினைத்தேன். வந்தவர் வழக்கம்போல என் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு மேசையில் ஏறி உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, "கடைசியாக ஒருதரம் பாருங்கள்" என்று இடது காலை நீட்டினார்.

கணுக்காலைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தேன். இறுக்கம் இல்லை. வீக்கம் வற்றியிருந்தது. நான்கு வருடமாக அந்தக் காலை எனக்குத் தெரியும், அவ்வளவு நன்றாக அது ஒருநாளும் இருந்ததில்லை. ஃபைலில் எழுதியிருந்ததை ஒரு நாளும் விடாமல் செய்திருக்கிறார். அந்தக் கால் இன்னும் ஒரு வருடம் தாராளமாக ஓடும்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார். பிறகு, கோபம் ஒன்றும் இல்லாமல், "ஒன்று கேட்கட்டுமா? அன்றைக்கு ஃபைல் தந்தபோது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

அவருடைய குதிக்கால் என் உள்ளங்கையில் இருந்தது. நவம்பர் பிறக்க இன்னும் ஒரு கிழமை இருந்தது.

"தெரியாது" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நானும் அதைத்தான் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று என் மனைவி சொல்கிறாள். அவளோடு நான் நேற்றுச் சண்டையே பிடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொன்னேன்."

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். என் ஒப்பந்தம் அந்த வருடமும் புதுப்பிக்கப்பட்டது. டிசம்பரில் அவர்களுக்குப் பெண் பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டேன். பார்க்கப் போக வேண்டும் என்று கணவர் இரண்டு மூன்று தரம் சொன்னார். பிள்ளையைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவருடைய மனைவியின் முகத்தைப் பார்த்து, நீங்கள் நினைத்ததுதான் சரி, உங்கள் கணவரோடு நீங்கள் பிடித்த சண்டையில் நியாயம் உங்கள் பக்கம் என்று சொல்ல வேண்டும். அது முடியாது என்றால் அந்த வீட்டுக்குப் போவதில் அர்த்தமில்லை. நான் போகவில்லை.